வெட்டிப் போட்ட ஓபனிங்

அருட்செல்வன் சார் என் படத்தோட ஓபனிங்கை வெட்டிக் குப்பையில போட்ட அன்னைக்கு மத்தியானம், அதுக்குப் போறதுக்கு வேற இடம் இல்லாததால, எங்க வச்சு எடுத்தமோ அந்தத் தெருவுக்கே, எங்க தெருவுக்கே, நடந்து வந்து சேர்ந்துச்சு.

எங்க தெரு குமாரபாளையத்துல காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு. ஒரு வீடு, ஒரு தறிப்பட்டறை, ஒரு வீடு, ஒரு தறிப்பட்டறைன்னு கோர்த்து வச்ச மாதிரி இருக்கும். விசைத்தறி ஓடற சத்தம் கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா இப்ப நான் பேசறது உங்களுக்குப் பாதிதான் கேக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளதான் நாங்க பொறந்தோம், அந்தச் சத்தத்துக்குள்ளதான் எங்காளுங்க பொண்ணு பார்த்தாங்க, சண்டை போட்டாங்க, சாமி கும்பிட்டாங்க, செத்தும் போனாங்க. நாங்க வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ஒருத்தரைப் பார்த்து சாப்டீங்களான்னு கேட்டா, அடிக்க வர்றோம்னு நினைச்சுப் பின்னாடி நகருவாங்க. எங்க தெருக் குழந்தைங்களுக்குத் தறிச்சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும். கரண்ட் போயிட்டா போதும், அத்தனை தொட்டிலும் ஒண்ணா முழிச்சுக்கும், அத்தனை வாசல்லயும் ஆளுங்க வந்து நிப்பாங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, என்னமோ நடக்கப் போகுதுங்கற மாதிரி.

அந்த நிக்கற நிப்பு இருக்கு பாருங்க, அதைத்தான் நான் படமா எடுத்தேன்.

விஸ்காம் கடைசி வருசம். ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு த்ரில்லர் குறும்படம். கேமரா புடிச்சது என் கிளாஸ்மேட் ரிஸ்வான், அவன் மாமாவோட கல்யாண ஸ்டூடியோவுல இருந்து கேமராவை இரவல் வாங்கிட்டு வந்தான். நடிச்சது எங்க பெரியப்பா மகன் தீபன் அண்ணன், சாயப்பட்டறையில வேலை. ஓபனிங் இதுதான். பட்டப்பகல். தெருவுல எல்லாத் தறியும் ஓடுது, நூலை இழுத்துக்கிட்டு நாடா இக்கட்டும் அக்கட்டும் பறக்குது, ஆனா தறிச்சத்தம் மட்டும் இல்ல. அந்தத் தெருவுல ஒரு ஆள் நடந்து போறான். முதுகுதான் தெரியுது. கையில ஒரு மஞ்சப்பை. பையில இருந்து சொட்டுச் சொட்டா என்னமோ வடியுது. செருப்புச் சத்தமும் சொட்டுச் சத்தமும் கேக்குது, வேற ஒண்ணும் கேக்கல. தெருக்கோடியில பூட்டிக் கிடக்கற வீட்டு முன்னாடி போய் நிக்கறான். பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து ஒரு சைக்கிள் பெல்லு அடிக்குது. கதவு ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத்துக்கு, திறக்குது. அப்ப டைட்டில் வரும். அவ்வளவுதான். மூஞ்சி இல்ல, ரத்தம் இல்ல, மியூசிக் இல்ல.

அருட்செல்வன் சார் எங்க ஹெச்.ஓ.டி. அவர் பார்த்துட்டு முதல்ல கேட்டது, சவுண்டு எடுக்க மறந்துட்டியாம்மாங்கறதுதான். மறக்கல சார், எடுத்துத் தூக்கிட்டேன்னு சொன்னேன். த்ரில்லர்னா தொடக்கத்துலயே ஒரு கொலை விழணும், ஒரு அலறல் கேக்கணும், ஹீரோ மூஞ்சி தெரியணும், ஜனங்க பயப்படறதுக்கு மியூசிக் வேணும்னு வகுப்பு எடுத்தாரு. பயப்படுங்கன்னு மியூசிக் போட்டுச் சொல்றதுக்கு எதுக்கு சார் படம், ஒரு போர்டு எழுதி மாட்டிரலாமேன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுச்சு, அவர் சிரிக்கல. நான் அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. எப்பவும் இருக்கற ஒண்ணு இல்லாமப் போனாத்தான் சார் மனுசன் நிமிந்து பார்ப்பான், கேள்வியை வாயில வச்சு விடறதுதான் ஓபனிங்கோட வேலை, சோத்தை ஊட்டி விடறது இல்லன்னு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "அஞ்சு நிமிசம் இந்த முதுகைப் பார்த்துக்கிட்டு எவன்மா உட்கார்ந்திருப்பான்? நானே எந்திரிச்சுப் போயிருவேன்."

சொல்லிட்டு லேப் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, என் கண்ணு முன்னாடியே அந்த அஞ்சு நிமிசத்தை வெட்டி எடுத்து, குப்பையில போட்டு, குப்பையையும் காலி பண்ணுனாரு. அந்த இடத்துல காவிரிக்கு மேல ட்ரோன் பறக்கற ஷாட்டு ஒண்ணும், இடி விழற மாதிரி மியூசிக்கும், தீபன் அண்ணன் மூஞ்சியைத் திரை நிறையவும் ஒட்டி வச்சாரு. ரிஸ்வானோட மெமரி கார்டுல அதுக்குள்ள பவானியில யாரோட ரிசப்ஷனோ ஏறியிருந்துச்சு, அதனால வேற காப்பியும் கிடையாது. தலை இல்லாத முண்டம் மாதிரி மிச்சப் படம் கிடந்துச்சு, யாரு எதுக்கு ஓடறாங்கன்னு எடுத்த எனக்கே புரியல. அடுத்த வாரம் வைவா, சென்னையில இருந்து எக்ஸாமினர் வர்றாங்க, இதைத்தான் போட்டுக் காட்டணும், இல்லீன்னா ஃபெயில்னு சொன்னாரு. டிகிரி வேணுமா ஓபனிங் வேணுமான்னு கேட்டாரு. ரெண்டும் என்னுதுதானே சார்னு கேட்டுட்டு வெளிய வந்தேன். பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து பாலம் வர்ற வரைக்கும் அழுதேன், அது வேற விசயம்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தா, தறி ஓடுது, சத்தம் இல்ல.

முதல்ல யாருக்கும் ஒண்ணும் புரியல. நாடாவுக்கு நூல் தார் சுத்திக்கிட்டு இருந்த எங்கம்மா, கரண்ட் போயிருச்சுன்னு எந்திரிச்சாங்க, ஆனா மெஷின் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்கா எப்பவும்போலத் தறிச்சத்தத்துக்கு மேல தொண்டையைத் தூக்கிப் பேசிக்கிட்டு இருந்தவங்க, அந்த வேகத்துலயே, எங்க மாமியா கண்ணை மூடுனாத்தான் எனக்கு அந்த பீரோ சாவி கைக்கு வரும்னு சொல்லி முடிச்சாங்க. அந்த வார்த்தை தெரு இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்துச்சு. காது கேக்காதுன்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டு இருந்த அந்த மாமியார், முருங்கைக் கீரையை உருவிக்கிட்டே, பீரோவே காலிடின்னு சொன்னாங்க.

அப்பதான் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. டீக்கடைக்குப் பக்கத்துல இருந்து ஒரு முதுகு கிளம்பித் தெருவுக்குள்ள நடந்து போச்சு. கையில மஞ்சப்பை. சொட்டு, சொட்டு, சொட்டு. தீபன் அண்ணன் அன்னைக்கு லீவு, டீக்கடை பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தாரு. கையில கடிச்ச வடையோட அந்த முதுகையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, டீக்கடை சென்னியப்பண்ணன்கிட்ட மெதுவாக் கேட்டாரு.

"ஏனுங்ணா, அது நானுங்களா?"

"நீதான் இங்க வடை தின்னுக்கிட்டு இருக்கறயே."

"அப்ப அது என்ற சட்டை இல்லீங்களா?"

"சட்டை உன்னுதுதான். நடை உன்னுது இல்ல. நீ இத்தன நேரா நடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

பூட்டுன வீட்டுக்குள்ள சைக்கிள் பெல்லு அடிச்சுச்சு. அந்த வீட்டுக்காரங்க திருப்பூருக்குக் குடி போய் வருசமாச்சு, உள்ள சைக்கிளும் இல்ல, ஆளும் இல்ல. கதவு ஒரு விரக்கடை திறந்துச்சு. உள்ள இருட்டு. அடுத்த நொடி மொத்தத் தறிச்சத்தமும் ஒரே அடியா வந்து தெரு மேல விழுந்துச்சு, முதுகைக் காணோம், கதவுல பூட்டு தொங்குது. சொட்டு விழுந்த தடம் மட்டும் மண்ணுல கொஞ்ச நேரம் இருந்து காஞ்சு போச்சு.

அடுத்த நாள் மத்தியானமும் வந்துச்சு, அதுக்கு அடுத்த நாளும் வந்துச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி, நாங்க ஷூட்டிங் எடுத்த அதே வெயில்ல. எங்க ஜனங்க அதை ரொம்ப நேரம் ஆச்சரியமாப் பார்க்கல, அவங்களுக்குச் சோலி இருந்துச்சு. பெரிய பட்டறை வச்சிருக்கற சடையப்பன் ஐயாதான் முதல்ல எங்க வீட்டுக்குச் சண்டைக்கு வந்தாரு. தறியில பாவு நூல் அறுந்தா சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் ஓட்டறவங்க ஓடிப்போய்த் தறியை நிறுத்துவாங்க. சத்தமே இல்லீன்னா அறுந்த நூலோடயே துணி ஓடிரும், அத்தனையும் டேமேஜ். உன்ற படத்தை நீயே கூட்டிட்டுப் போ அம்மிணின்னு சொன்னாரு. அதைக் காலேஜுல சேர்க்க மாட்டேங்கறாங்க, நான் எங்கீங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டேன். ஒரு படத்தைச் சேர்க்காம அப்படி என்ன காலேஜுன்னு அவர் கோவம் பாதியில திரும்பி அக்கட்டால போயிருச்சு. அப்புறம் அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. ஓபனிங் வர்ற நேரத்துக்கு ஒவ்வொருத்தரும் தறி மேல உள்ளங்கையை வச்சுக்குவாங்க. நூல் அறுந்தா கைக்குத் தெரிஞ்சுது. கை தறி மேல இருக்கும், கண்ணு வாசல்ல இருக்கும்.

அதுக்கு ஓபனிங்குன்னே பேரு விழுந்துச்சு. ஓபனிங் வந்துருச்சா, ஓபனிங்குக்கு அப்புறம் சோறு போடறேன், ஓபனிங் முடிஞ்சு வாடான்னு தெருவே பேசுச்சு. முதல் ரெண்டு நாளு பொம்பளைங்க அந்த அமைதியில ஊருப்பட்ட கதை பேசுனாங்க, வருசக்கணக்காக் கத்திச் சொல்ல முடியாம வச்சிருந்ததை எல்லாம் மெதுவாச் சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் பேச்சுல சொட்டுச் சத்தம் கேக்காமப் போகுதுன்னு அவங்களே பேச்சை நிறுத்திக்கிட்டாங்க. தொட்டில்ல இருக்கற குழந்தைங்க எல்லாம் ஒண்ணா முழிக்கும், ஆனா அழாது, கம்பியைப் புடிச்சுக்கிட்டு வாசலையே பார்க்கும். சென்னியப்பண்ணன்தான் பாவம். அந்த நேரத்துல கடை நிறையக் கூட்டம் இருக்கும், ஆனா ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க, கையில கிளாஸை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாங்க, அத்தனை கிளாஸ்லயும் ஆடை படிஞ்சு கிடக்கும். ரெண்டாவது டீ சொல்லுங்கப்பான்னு அவர் கேட்டா நாலு பேர் ஒண்ணா உஸ்ஸுன்னு சொல்லுவாங்க, சொந்தக் கடையில.

மூஞ்சியைப் பார்க்கணும்னு முன்னாடி ஓடுனவங்க எத்தனையோ பேரு. எக்கட்டால சுத்திப் போய் நின்னாலும் முதுகுதான் வரும். ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தாரு. அவர் முன்னாடி போய்க் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தாரு, முதுகு தெரிஞ்சுது. திரும்பிப் பின்னாடி வந்தாரு, முதுகு தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் யோசிச்சு, வழியை விட்டு ஒதுங்கி நின்னாரு. அடுத்த நாள் லீவு போட்டுட்டுச் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்து ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டுப் போனாரு. பள்ளிபாளையத்துல இருந்தெல்லாம் ஆளு வர ஆரம்பிச்சாங்க. ரிஸ்வான் கேமராவைக் கொண்டு வந்து அதை அப்படியே புடிச்சு வச்சுக்கலாம்னு பார்த்தான். போட்டுப் பார்த்தா காலித் தெருவும் தறிச்சத்தமும்தான் இருந்துச்சு, கூட்டம் முழுக்க எங்கயோ பார்த்து வாயைப் பொளந்துக்கிட்டு.

பையில என்ன இருக்குங்கறதுதான் பெரிய பேச்சு. மேட்டூர் மீனுன்னாங்க. சாயத்துல முக்குன துணின்னாங்க. கொடுமுடித் தீர்த்தம்னாங்க. சடையப்பன் ஐயா, ஒரு தலைதான் அதுன்னு சொல்லிட்டு யாரோட தலைன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. அவங்கவங்க மனசுல எது ஊறிக்கிட்டு இருந்துச்சோ அதை எடுத்து அந்தப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. பெஞ்சுக்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு தட்டு போண்டா பந்தயம். தீபன் அண்ணனைப் புடிச்சு, தூக்கிட்டு நடந்தது நீதானே, உனக்குத் தெரியாதான்னு உலுக்குனாங்க. ஷூட்டிங் அன்னைக்கு உள்ள இருந்தது ஐஸுக்கட்டின்னு அவரும் மறைக்காமச் சொன்னாரு. ஒருத்தரும் நம்பல. அது படத்துக்கு, இது நெசம்னாங்க.

எங்கம்மா மட்டும் ஆளு மேல ஆளு விடாம நேரா என்கிட்டயே வந்தாங்க. முட்டைக் குழம்பு வச்சு, எனக்கு ரெண்டு முட்டை போட்டு, தட்டைக் கையில குடுக்காம வச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"கதையில அந்தப் பைக்குள்ள என்னடி?"

"படம் பாரு."

"பத்து மாசம் சுமந்தவளுக்குச் சொல்ல மாட்டயா?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத்தான் பத்து மாசமும் சுமந்தே. தெரிஞ்சிருந்தா அஞ்சாவது மாசமே இறக்கி வச்சிருப்பே."

தட்டு கைக்கு வந்துச்சு, ஒரு முட்டை குறைஞ்சு வந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிடும்போது, அந்தக் கதவுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னாவது இருக்கா, இல்ல அதுவும் இல்லயான்னு கேட்டாங்க. இருக்கும்மா, பதினஞ்சு நிமிசம் இருக்கு, ஆனா இந்த ஓபனிங் இல்லாம அதைப் பார்த்தா ஒண்ணும் விளங்காது, அதைத்தான் அந்த ஆளு வெட்டிப் போட்டாருன்னு சொன்னேன். மறுநாள் அம்மா அதைத் தறிச்சத்தத்துக்கு மேல கத்திச் சொன்னப்பத்தான் தெருவுக்கு உறைச்சுச்சு. தினமும் அந்த ஒரு விரக்கடையிலயே நின்னு போகுதே, அதுக்கு மேல திறக்கவே மாட்டேங்குதேன்னு எல்லாருக்கும் ஒரு அரிப்பு இருந்துச்சு. கதவு இங்க இருக்கு, கதவுக்கு அக்கட்ட இருக்கறது காலேஜு கம்ப்யூட்டர்ல இருக்குன்னு தெரிஞ்சதும், என் டிகிரி பாஸாகணும்னு எங்க தெரு மாரியம்மனுக்கு வேண்டிக்காத ஆளு இல்ல. படிப்பு மேல அவங்களுக்கு அப்படி ஒரு அக்கறை அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

வைவா அன்னைக்கு எக்ஸாமினர் வந்தாங்க. வசுமதி மேடம், சினிமாவுல எடிட்டர். ஒரு காட்டன் சேலை, ஒரு தண்ணி பாட்டில், பேச்சே இல்ல. அருட்செல்வன் சார் அவர் வெர்ஷனைப் போட்டாரு. ட்ரோன் பறந்துச்சு, இடி விழுந்துச்சு, தீபன் அண்ணன் மூஞ்சி வந்துச்சு. மேடம் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. படம் முடிஞ்சதும் அவங்க சார்கிட்ட, ஓபனிங் எங்க சார்னு கேட்டாங்க. இதான் மேடம்னாரு. இது மேப்பு, படம் எங்க ஆரம்பிக்குதுன்னாங்க.

நான் எந்திரிச்சேன். ஓபனிங் எங்க தெருவுல இருக்குதுங்க மேடம்னு சொன்னேன். சார் சிரிச்சுக்கிட்டே, இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் வாய் நீளம் மேடம், பேரு யோகப்பிரியா, ஆனா யோகமும் இல்ல பிரியமும் இல்லன்னாரு. அதை அந்த வருசத்துல அவர் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. நான் மேடத்தைப் பார்த்துத்தான் பேசுனேன். "நீங்க வந்து பாருங்க. பார்த்துக்கிட்டு இருக்கும்போது ஒரே ஒரு தடவை ஃபோனை எடுத்தீங்கன்னாக்கூட எனக்கு ஃபெயில் போட்டுருங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பக்கத்துல நின்ன ரிஸ்வான் தலையில கையை வச்சுக்கிட்டான், ஏன்னா ப்ராஜெக்ட்டு அவனுக்கும் சேர்த்துத்தான். மேடம் வாட்ச்சைப் பார்த்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி திரும்பிரலாமான்னு கேட்டாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடிதானுங்க அதுவே வரும்னு சொன்னேன்.

காலேஜு வேன்ல போய் இறங்குனோம். தெருவுக்கு விசயம் எப்படியோ தெரிஞ்சிருந்துச்சு, பெஞ்சை எல்லாம் தொடச்சு வச்சு, மேடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சேரும் சாருக்கு ஒரு ஸ்டூலும் போட்டிருந்தாங்க. தறி எல்லாம் முழு வேகத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க தெருச் சத்தத்துக்குப் பழகாதவங்க எல்லாரும் பண்ற தப்பைத்தான் சாரும் பண்ணுனாரு. நமக்கே நம்ம குரல் கேக்கலீன்னா அடுத்தவனுக்கும் கேக்காதுன்னு நினைச்சுக்குவாங்க. மேடம் காதுகிட்டக் குனிஞ்சு, தொண்டை நரம்பு புடைக்க அவர் என்னமோ கத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நாங்க வாய் அசையறதைத்தான் பார்த்தோம். அந்த நேரத்துல, கத்தி வச்சு நறுக்குன மாதிரி, சத்தம் போச்சு.

"படமே நான் சொல்லிக் குடுத்து எடுத்ததுதான் மேடம், இதுங்களுக்கு ஒரு எழவும் தெரியாது, தறிக்காரன் பிள்ளைங்களை எல்லாம் சேர்த்தா இப்படித்தான்."

ஒவ்வொரு எழுத்தும் தெருவுல தனித்தனியா நின்னுச்சு. தறி மேல கை வச்சிருந்த அத்தனை பேரும் வாசலுக்குத் தலையை நீட்டி அவரைப் பார்த்தாங்க. சாந்தாமணி அக்காதான், ஸ்டூலைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திப் போட்டு, உட்காருங் சார், ஆரம்பிச்சிருச்சுங்னு மரியாதையாச் சொன்னாங்க.

சார் உட்கார்ந்தாரு. ஸ்பீக்கர் எங்க வச்சிருக்கீங்க, எவன் ஆஃப் பண்றான்னு ரெண்டு பக்கமும் பார்த்தாரு. நாடா பறக்கறதைப் பார்த்தாரு. மறுபடியும் பார்த்தாரு. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. டீக்கடைப் பக்கமிருந்து முதுகு கிளம்பி, அவரைத் தாண்டி, அவர் முழங்கால் பக்கத்துலயே அந்த மஞ்சப்பை ஆடிக்கிட்டுப் போச்சு, ஒரு சொட்டு அவரோட பாலீஷ் போட்ட ஷூ மேல விழுந்துச்சு. சார் குனிஞ்சு அதை விரல்ல தொட்டாரு. மோந்து பார்த்தாரு. நான் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தேன், எனக்கு அந்தப் பக்கம் பார்க்கறதுக்குத் தெம்பு இல்ல. இந்த மனுசன் இப்பக் கொட்டாவி விட்டா என் மூணு வருசமும் அந்தக் கொட்டாவிக்குள்ள போயிரும். அவர் கொட்டாவி விடல. எந்திரிச்சுட்டாரு. எந்திரிச்சதும் எனக்கு உசுரே போச்சு, எந்திரிச்சுப் போயிருவேன்னு சொன்ன ஆளுதானே, வேனுக்குப் போறாருன்னு நினைச்சேன்.

அவர் வேனுக்குப் போகல. அந்த மஞ்சப்பைக்குப் பின்னாடி போனாரு.

முதல்ல நடந்தாரு, அப்புறம் வேகமா நடந்தாரு, அப்புறம் ஓடுனாரு, முதுகைத் தாண்டி முன்னாடி போய்த் திரும்பி நின்னாரு, முதுகுதான் தெரிஞ்சுது; குனிஞ்சு பார்த்தாரு, இடது பக்கம் போனாரு, வலது பக்கம் போனாரு, டாக்டர் பட்டம் வாங்குன ஒரு மனுசன் நடுத்தெருவுல மண்டி போட்டுப் பையோட வாயைப் பார்க்கறதுக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு, முட்டி தேய, முதுகு கூடவே போனாரு. தெருவுல ஒரு ஆளு சிரிக்கல. அத்தனை பேரும் அந்த இடத்துல அதேதானே பண்ணியிருந்தாங்க. தொட்டில்ல இருந்து குழந்தைங்க பார்த்துச்சுங்க. பூட்டுன வீட்டுக்குள்ள பெல்லு அடிச்சுச்சு. சார் அப்படியே நின்னுட்டாரு. கதவு ஒரு விரக்கடை திறந்துச்சு, அவர் மூஞ்சி அந்த இடுக்குக்குள்ள போற அளவுக்குக் கிட்டப் போச்சு, உள்ள இருந்த இருட்டு அவர் கண்ணாடியில தெரிஞ்சுது.

தறிச்சத்தம் வந்து விழுந்துச்சு.

சார் பூட்டைப் புடிச்சு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாரு. திரும்பி வந்தாரு. பேண்ட்டு முட்டியில மண்ணு. என் முன்னாடி நின்னு என்னமோ கேட்டாரு, தறிச்சத்தத்துல எனக்குக் கேக்கல. கையைக் காதுல வச்சுக் காட்டுனேன். அவர் கத்துனாரு. "அப்புறம்?"

கேக்கலீங்க சார்னேன்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்த அஞ்சு நிமிசத்தை எடுத்தேன். அதைக் கேட்டவுடனே எனக்குக் கோவமே போயிருச்சு, அது எனக்கே பிடிக்கல. பதிலைச் சொல்லல. அப்பத்தான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஃபோன் அவங்க பையில இருந்து வெளியவே வரல. அவங்க சாரைப் பார்த்து, பக்கத்துல இருந்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி, எங்க தெருக்காரங்க மாதிரியே கத்திச் சொன்னாங்க. "உங்க வெர்ஷன்ல நான் ஃபோன் பார்த்தேன் சார். இதுல நீங்க மண்டி போட்டீங்க. நாளைக்குப் படத்தை முழுசாப் போடுங்க, அதுக்கு அப்புறம்தான் மார்க்."

அழிச்சதை எங்க இருந்து கொண்டு வர்றதுன்னு தெரியாம நாங்க சாயங்காலம் லேப்புக்குப் போனோம். ரிஸ்வான் ஃபைலைத் திறந்தான். ட்ரோன் ஷாட்டைக் காணோம், இடியைக் காணோம். வெட்டுன இடத்துல அந்த அஞ்சு நிமிசம், வெளியூர் போயிட்டு வந்து தன்னோட பாய்ல படுத்துக்கிட்ட மாதிரி, அப்படியே இருந்துச்சு. சார் எங்களுக்குப் பின்னாடி நின்னு பார்த்தாரு. நான் எதுவும் தொடலம்மான்னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் மத்தியானம் எங்க தெருவுல ஓபனிங் வரல. வராதுன்னு தெரிஞ்சு அதுக்கு முன்னாடியே தெரு கிளம்பிருச்சு. சடையப்பன் ஐயா துணி ஏத்தற வண்டியில பாயை விரிச்சு, ஆளுங்களை ஏத்தி, குழந்தைங்களை எல்லாம் மடியில வச்சுக்கிட்டு, தறியை நிறுத்திட்டுக் காலேஜுக்கு வந்து இறங்குனாங்க. வாட்ச்மேன் தடுத்தாரு. ஓபனிங்குக்கு நேரமாச்சு, வழியை விடுப்பான்னு சென்னியப்பண்ணன் சொன்ன சொல்லுல அவரும் கூடவே உள்ள வந்துட்டாரு. ஆடிட்டோரியத்துல சீட்டு பத்தாம ஸ்டூடண்ட்ஸு எல்லாம் படியில உட்கார்ந்தாங்க. தீபன் அண்ணன் முதல் வரிசையில சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, முதுகு நேரா உட்கார்ந்திருந்தாரு. எனக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம், வேற சீட்டு இல்லாததால, அருட்செல்வன் சார்.

விளக்கை அணைச்சாங்க. திரையில எங்க தெரு வந்துச்சு, தறி ஓடுச்சு, சத்தம் இல்ல. முதுகு நடந்து போச்சு. தினமும் பார்த்ததைத்தான் திரும்பப் பார்த்தாங்க, ஆனா ஒருத்தர் மூச்சு விடல. ட்ரோன் ஷாட்டுக்குக் கொட்டாவி விட்ட என் கிளாஸ் பசங்க சீட்டு நுனிக்கு வந்திருந்தாங்க. பெல்லு அடிச்சுச்சு. கதவு ஒரு விரக்கடை திறந்துச்சு. டைட்டில் விழுந்துச்சு, அதுக்குக் கீழ, எழுத்து, இயக்கம்: யோகப்பிரியான்னு வந்துச்சு. விசில் இல்ல, கைதட்டு இல்ல. யாருக்கும் என் பேரு கண்ணுலயே படல, எல்லாரும் அந்த இடுக்கையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இருட்டுல நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

சார் என் பக்கம் சாஞ்சாரு. மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "யோகப்பிரியா, அந்தப் பையில..."ன்னு ஆரம்பிச்சாரு.

நான் திரும்பி வாயைத் திறக்கறதுக்குள்ள, பொறந்ததுல இருந்து கத்தியே பேசிப் பழகுன எங்கம்மா, என்னைத் தாண்டிக் குனிஞ்சு, அவருக்கும் எனக்கும் சேர்த்து ரகசியமாச் சொன்னாங்க.

"உஸ்ஸு. சும்மா இருங்க ரெண்டு பேரும். கதவு திறக்குது."